வேலூர் கொல்லையில் கேரட்: யூரியா போட்டால் பெருக்குமா, புரதம் கூடுமா?

வேலூரில் கேரட்டா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மார்கழி ராத்திரியில் இங்கேயும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. அந்தக் குளிரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

1. பாத்தி

யூரியா அளவை மட்டும் மாற்றி ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டராக மூன்று பாத்தி. ஒரு அடி ஆழம் கொத்திக் கல்லைப் பொறுக்குங்கள். நன்றாக மக்கிய எரு, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் எல்லாம் மூன்றுக்கும் ஒரே அளவு. முதல் வருஷம் நான் பச்சைச் சாணியைக் கொட்டினேன். வந்ததெல்லாம் காலை அகட்டி நிற்கிற இரட்டைக்கால் கேரட்!

2. விதை

கார்த்திகை முதல் வாரம், பூசா கேசர் போல சூடு தாங்கும் ரகம். மணலோடு கலந்து அரை அங்குல ஆழத்தில் தூவி, ஈரச்சாக்கு போர்த்துங்கள். முளைக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். முளை கண்டதும் சாக்கை எடுத்துவிட வேண்டும். பிறகு செடிக்குச் செடி மூன்று விரல் இடைவெளி.

3. யூரியா

யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். 10 கிராம் நைட்ரஜன் வேண்டுமானால் ஏறக்குறைய 22 கிராம் யூரியா. முதல் பாத்திக்கு எதுவும் வேண்டாம், இரண்டாவதற்கு 22 கிராம், மூன்றாவதற்கு 44. பாதியை 25ஆம் நாள், மீதியை 45ஆம் நாள் வையுங்கள். கை ஈரமாக இருந்தால் குருணை விரலிலேயே ஒட்டிக்கொள்ளும், கணக்கு தப்பும். வரிசைக்கு நடுவே கோடு கிழித்துப் போட்டு, மண்ணை மூடி உடனே தண்ணீர் விடுங்கள். மேலாகக் கிடந்தால் நம்ம ஊர் வெயிலில் அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

ஐம்பது நாளில் மூன்றாம் பாத்தி கரும்பச்சையாகத் தழைத்து நின்றது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, கேரட் போட்டியா, கொத்தமல்லி போட்டியா?" என்றார்.

4. அறுவடை

90 நாளுக்கு மேல், மாசியில். தழையையும் கிழங்கையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். எனக்கு முதல் பாத்தியில் சுண்டுவிரல் பருமன், இரண்டாவதில் கடையில் வாங்குகிற மாதிரி. மூன்றாவதில் கனமெல்லாம் தழையில்தான். கிழங்கு இரண்டாவதைத் தாண்டவில்லை, சிலது வெடித்தும் போயிருந்தது. நைட்ரஜன் மிஞ்சினால், செடி சேர்க்கிற சர்க்கரை தழை வளர்க்கவே செலவாகி, கிழங்குக்கு இறங்குவது குறைகிறது.

5. புரதம்

இதை வீட்டில் அளக்க வழியில்லை. வில்லையாக நறுக்கி உலர்த்திப் பொடித்து, பாத்தி வாரியாக லேபுக்குக் கொடுங்கள். 1883இல் டென்மார்க்கின் யோஹான் கெல்டால் வகுத்த முறையில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இந்தக் கணக்கு. 100 கிராம் பச்சைக் கேரட்டில் 0.15 கிராம் நைட்ரஜன் இருந்தால் புரதம் 0.94 கிராம். (அதே எடை கடலைப்பருப்பில் 20 கிராமைத் தொடும்!)

யூரியா போட்ட பாத்தியில் இந்த எண் பொதுவாகக் கூடுதலாக வரும். உடனே குதிக்காதீர்கள். புரதமாகச் சேராமல் தனி அமினோ அமிலமாக இருக்கிற நைட்ரஜனும் அதே 6.25 பெருக்கலில் புரதமாகிவிடும். அதனால்தான் லேப் தாளில் 'கச்சாப் புரதம்' என்று போடுகிறார்கள். மிஞ்சிய நைட்ரஜன் நைட்ரேட்டாகவும் செடியில் தங்கும். மூன்றாம் பாத்திப் பொடியைக் கொடுக்கும்போது நைட்ரேட்டையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.