"எப்படிம்மா இருக்க?" என்று இப்போது கேட்பதில்லை

அம்மா கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார், நான் சிங்கப்பூரில். 71 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. "எப்படிம்மா இருக்க?" என்றால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன், போன கந்த சஷ்டி வரைக்கும்.

சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். சோற்றை விட்டவர் சர்க்கரை மாத்திரையை விடவில்லை. மூன்றாம் நாள் சர்க்கரை ரொம்ப இறங்கி, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு அக்காதான் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது இரண்டு வாரம் கழித்து, அதுவும் அக்கா வாய் தவறிச் சொல்லி.

அதிலிருந்து, கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டியதை மட்டும்தான் கேட்கிறேன். எனக்குக் காலை பத்தரை, அம்மாவுக்கு எட்டு மணி, நேரம் மாறாது. "எத்தனை இட்லி சாப்பிட்ட? மாத்திரை அட்டையைக் காட்டு." வீடியோவில் காலிக் குழிகளை எண்ணுவேன். வெள்ளிக்கிழமை பாதத்தைத் திருப்பிக் காட்டச் சொல்வேன். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் வந்தாலும் வலிக்காது. இதெல்லாம் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடக் கூடாது. முதலில் ஊர்க்கதை பேசுங்கள், பிறகு அட்டை.

பிரஷர் மெஷின் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. காபி குடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும்; கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். வந்த எண்ணை அம்மா தினசரி காலண்டர் தாளிலேயே எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறார். ஒருநாள் மேல் எண் 150 வந்தால் நான் பதறுவதில்லை. ஒரு மாதத்துத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் டாக்டருக்கு விஷயம் புரியும்.

விரதம் வருவதற்கு முன்பே டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். "விரதம் இருக்காதே" என்று அம்மாவிடம் சண்டை போட்டுப் பயனில்லை, நான் போட்டுப் பார்த்தேன்.

வீட்டுச் சாவி ஒன்று எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: மாத்திரைப் பெயர்கள், அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டர் எண், 108. அதன் கீழே பெரிய எழுத்தில்: "சர்க்கரை 70க்குக் கீழே போனால், நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்கவும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108." பக்கத்தில் ஒரு கவரில் ஆட்டோவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம். அக்கா முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், அப்புறம் யாரை என்பதையும் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். முதலில் 108. என்னைக் கடைசியாகக் கூப்பிட்டால் போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.

நேற்று வந்த தாளில் 132/80. அதற்குக் கீழே பென்சிலால், "முருங்கைக்கீரை பொரியல், ரெண்டு இட்லி."