தெர்மோஸ்டாட் ஷவர் வால்வை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

இங்கிலாந்தில், அதிலும் லண்டன், தென்கிழக்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கும். ஷவர் நாபை எவ்வளவு திருப்பினாலும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டாது. இல்லையென்றால் நன்றாக வந்துகொண்டிருந்த தண்ணீர் திடீரென்று கொதிக்கும், அப்புறம் ஜில்லென்று ஆகிவிடும். முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒரு கார்ட்ரிட்ஜைக் கழற்றிச் சுத்தம் செய்தாலோ, புதிதாகப் போட்டாலோ போதும். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் நிதானமாகச் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: கடைசியில் வரும் பாதுகாப்புச் சோதனையைச் செய்யாமல் யாரையும் அந்த ஷவரில் குளிக்க விடக்கூடாது.

வாடகை வீடு என்றால் கை வைக்கும் முன் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் தண்ணீர்க் குழாய், சுடுநீர் வசதிகளைப் பழுதுபார்ப்பது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக அவருடைய பொறுப்பு.

உள்ளே என்ன நடக்கிறது?

சுவரில் கிடைமட்டமாக நீண்டு, இரண்டு முனைகளிலும் நாப் உள்ள வகையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாப் தண்ணீரைத் திறக்க, மூட. இன்னொன்று சூட்டுக்கு. எதிரே நின்று பார்த்தால் இடப்பக்கம் சுடுநீர், வலப்பக்கம் குளிர்நீர் வந்து சேரும்.

சூட்டு நாபுக்குப் பின்னால் உள்ள கார்ட்ரிட்ஜில் ஒரு சிறிய உலோகக் குப்பி, அதற்குள் மெழுகு. கலந்த நீர் சூடானால் மெழுகு விரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் சுடுநீர் வழியைக் குறுக்கிக் குளிர்நீர் வழியை அகலமாக்கும். சூடு குறைந்தால் ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ளிவிடும். கார் இன்ஜின் தெர்மோஸ்டாட்டிலும் இதே மெழுகு வேலைதான். சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தாலும் உங்கள் தலையில் விழும் நீரின் சூடு மாறாமல் இருப்பது இதனால்தான்.

தென்கிழக்கு இங்கிலாந்தின் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வருகிறது. நீர் சூடாகும் இடத்தில் அந்தச் சுண்ணாம்பு படியும். பிஸ்டனைச் சுற்றி அது இறுகிவிட்டால் மெழுகு தள்ளினாலும் பிஸ்டன் நகராது. கோளாறுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

வாஷ்பேசின் குழாயில் சுடுநீர் ஒழுங்காக வருகிறதா? அங்கேயும் வரவில்லை என்றால் கோளாறு பாய்லரில். பாய்லரில் சுடுநீரை 45 டிகிரிக்கு வைத்திருந்தாலும் ஷவர் தடுமாறும். வந்து சேரும் சுடுநீர், நீங்கள் குளிக்கும் சூட்டைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் இந்த வால்வு சரியாக வேலை செய்யும்.

நீர் மெலிதாக வந்தால் முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். வெறும் ஹோஸில் நன்றாகப் பாய்ந்தால் அடைப்பு தலையில்தான். மூடிய பிறகும் சொட்டுகிறது என்றால் அது மறுமுனை நாபுக்குள் இருக்கும் செராமிக் தட்டுக் கார்ட்ரிட்ஜின் தேய்மானம், சூட்டுப் பக்கத்தைத் தொட வேண்டாம். புதிதாக மாட்டிய நாளிலிருந்தே சரியில்லை என்றால் குழாய்கள் இடம் மாறியிருக்கலாம்.

இன்னொன்று. சூட்டு நாபில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். 38 டிகிரியில், சில கம்பெனிகளில் 40-இல், நாப் தடுத்து நிற்கும். பொத்தானை அழுத்தினால்தான் மேலே திரும்பும். இது தெரியாமலே வால்வு கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

தேவையானவை: அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், சிறிய ஆலன் கீ, பழைய டூத்பிரஷ், வெள்ளை வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம், சிலிகான் கிரீஸ், சமையல் தெர்மாமீட்டர், இரண்டு பழைய துண்டுகள்.

படி 1: தண்ணீரை நிறுத்துங்கள்

ஷவருக்கு வரும் குழாய்களில் ஐசொலேட்டர் வால்வு (அந்தக் குழாயை மட்டும் மூடும் சிறிய வால்வு) இருந்தால் அதன் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்புங்கள். கோடு குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இல்லாவிட்டால் வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் ஸ்டாப்காக்கை மூடுங்கள், பொதுவாக சமையலறை சிங்க்கின் அடியில் இருக்கும். கூரையடித் தொட்டியிலிருந்து நீர் வரும் வீடானால் ஸ்டாப்காக்கை மூடினாலும் தொட்டியில் உள்ளது வந்துகொண்டே இருக்கும், தொட்டிக் குழாயின் வால்வையும் மூட வேண்டும். பிறகு ஷவரைத் திறந்து உள்ளே தங்கிய நீரை வடியவிடுங்கள். அப்புறம் வடிகால் துளையை அடைத்து, கீழே ஒரு துண்டை விரியுங்கள். ஆலன் ஸ்க்ரூ அரிசி மணி அளவுதான், துளையில் விழுந்தால் போனதுதான்.

படி 2: நாபைக் கழற்றுங்கள்

நாபின் முனையில் உள்ள மூடியை மெல்ல நெம்பினால் உள்ளே ஸ்க்ரூ தெரியும். சில மாடல்களில் அடிப்பக்கம் ஆலன் ஸ்க்ரூ இருக்கும். நாபை நேராக இழுங்கள். அதன் பின்னால் பற்கள் உள்ள பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும், அந்த 38 டிகிரித் தடுப்பு இதுதான். எடுக்கும் முன் போனில் படம் எடுத்து, வளையத்துக்கும் உடலுக்கும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் நாபில் 38 என்று இருக்கும் இடத்தில் வேறு சூடு வரும்.

படி 3: கார்ட்ரிட்ஜை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள்

ஸ்பேனர் வாயில் துணியைச் சுற்றிக்கொண்டு கார்ட்ரிட்ஜின் நட்டை இடப்பக்கமாகத் திருப்புங்கள். அசையவில்லை என்றால் வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் சுற்றிவைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வேகமாக உந்தினால் சுவருக்குள் இருக்கும் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

வெளியே வந்ததும் சல்லடையையும் பிஸ்டனையும் பாருங்கள். வெள்ளையாக, சொரசொரப்பாக ஒட்டியிருப்பதுதான் சுண்ணாம்பு. வெதுவெதுப்பான வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ராத்திரி முழுவதும் ஊறவிட வேண்டாம், ரப்பர் கெடும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் பக்கமே போகாதீர்கள், அது குரோமையும் பித்தளையையும் அரித்துவிடும். கத்தியால் சுரண்டுவதும் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் அந்த வழியாகவே கசியும்.

ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெடித்தோ தட்டையாகவோ இருந்தால் மாற்றுங்கள். சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். வாசலின் தடவினால் பல வகை ரப்பர் ஊதிப்போகும்.

சுத்தம் செய்த பிறகும் பிஸ்டன் இறுக்கமாகவே இருந்தால், அல்லது பழைய கோளாறு அப்படியே திரும்பினால், மெழுகுக் குப்பி ஆயுள் முடிந்துவிட்டது. புதிய கார்ட்ரிட்ஜ் வாங்க வால்வின் கம்பெனிப் பெயர், கார்ட்ரிட்ஜின் நீளம், தண்டில் உள்ள பற்களின் எண்ணிக்கை மூன்றும் வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போவது இன்னும் நல்லது.

படி 4: நுழைவாய்ச் சல்லடைகள்

சுவரையொட்டிய இரண்டு பெரிய நட்டுகளுக்குப் பின்னால் வலை வைத்த வாஷர்களும், நீர் பின்வாங்காமல் தடுக்கும் சிறிய வால்வுகளும் பல மாடல்களில் இருக்கும். இவற்றை இங்கேயே சுத்தம் செய்துவிடுங்கள். வீட்டில் வேறொரு குளிர்நீர்க் குழாயில் சம்பந்தமில்லாமல் வெந்நீர் வந்தால் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சிறிய வால்வைத்தான். நட்டுகளை இடமும் வலமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், மாட்டும்போதும் அப்படியே.

படி 5: மாட்டி, சூட்டைச் சரிபாருங்கள்

கார்ட்ரிட்ஜைக் கையால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்தால் போதும். தண்ணீரை மெதுவாகத் திறந்து கசிவு பாருங்கள். நாப் மாட்டாமலேயே ஷவரை ஓடவிட்டு, ஒரு குவளையில் நீரைப் பிடித்துத் தெர்மாமீட்டர் வையுங்கள். 38 டிகிரி வரும்வரை தண்டைத் திருப்புங்கள். வந்ததும் தண்டை அசைக்காமல் வளையத்தையும் நாபையும் 38 குறிக்கு நேராக மாட்டுங்கள்.

படி 6: பாதுகாப்புச் சோதனை

ஷவரை 38 டிகிரியில் ஓடவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்நீர் ஐசொலேட்டரை மட்டும் மூடுங்கள். சில நொடிகளுக்குள் ஷவர் நின்றுவிட வேண்டும், அல்லது சொட்டுச் சொட்டாகக் குறைய வேண்டும். கொதிக்கும் நீர் தொடர்ந்து கொட்டினால் அந்தக் கார்ட்ரிட்ஜ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். சுடுநீர் சிலிண்டரில் 60 டிகிரியில் இருக்கும் நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தோல் மெல்லியது, சட்டென்று விலகவும் முடியாது.

ஐசொலேட்டர் இல்லாத வீட்டில், ஷவர் ஓடும்போது வேறொரு குளிர்நீர்க் குழாயை முழுக்கத் திறந்து தெர்மாமீட்டரைக் கவனியுங்கள். ஓரிரு டிகிரி ஆடிவிட்டுப் பழைய நிலைக்கு வர வேண்டும். இது அரைச் சோதனைதான். பிளம்பரிடம் சொல்லி இரண்டு குழாய்களிலும் ஐசொலேட்டர் போட்டுக்கொண்டு முழுச் சோதனையையும் செய்துவிடுங்கள்.

இனிமேல் மாதம் ஒருமுறை, ஷவர் ஓடும்போது சூட்டு நாபை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நாலைந்து முறை திருப்புங்கள். சுண்ணாம்பு இறுகும் முன்பே உதிர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஷவருக்கு அடியில் யாரும் நிற்க வேண்டாம்.