கடலைக்குப் பூக்கும் நேரத்தில் ஜிப்சம்

பழனி மலை அடிவாரத்துச் செம்மண்ணில் கடலை போட்டிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. செடி பச்சைப்பசேல் என்று இருக்கும், பிடுங்கிப் பார்த்தால் பாதி பருப்பில்லாத பொக்குக்காய். உடனே கை யூரியா மூட்டைக்குத்தான் போகும். வேண்டாம், அது இலையைத்தான் வளர்க்கும்.

குறை பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தில் இருக்கும். வேர் எடுக்கும் சுண்ணாம்பு இலைக்குப் போய்விடும், அங்கிருந்து காய்க்கு இறங்காது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய விழுதும் இளங்காயும் தங்களைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அதை உறிஞ்ச வேண்டும். அதனால் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தைச் செடியின் தூரை ஒட்டிப் போடுங்கள், வரப்போரம் வீசிப் பயனில்லை.

இறவைக் கடலைக்கு விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், ஏக்கருக்கு 160 கிலோ. களை எடுத்து, ஈரம் இருக்கும்போது போட்டு, லேசாகக் கொத்தி மண் அணைத்துவிடுங்கள். மானாவாரி என்றால் மழை பார்த்துக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். அப்புறம் விழுது இறங்கிய மண்ணைக் கிளறவே கூடாது.

ஜிப்சத்தில் கந்தகமும் உண்டு, எண்ணெய்ச் சத்துக்கு அது தேவை. அடியுரமாக டிஏபி மட்டும் போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். டிஏபியில் கந்தகம் கிடையாது, சூப்பர் பாஸ்பேட்டில் உண்டு.