சீன மை மூங்கில்: இலையில் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு செய்முறை

சீன மை ஓவியம் பழக ஆசைப்படுகிறவர்கள் மூங்கிலில் தொடங்குங்கள். தண்டு, கணு, கிளை, இலை என்று நான்கே வகைக் கோடுகள், ஒரே கறுப்பு மை. சிக்கல் தாளில்தான். மையை உறிஞ்சும் சீனக் கைத்தாளான சுவானில் விழுந்த கோட்டை அழிக்க முடியாது. மேலே பூசித் திருத்தினால் திருத்திய இடம் தனியாகத் தெரியும். தண்டும் கணுவும் எனக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டன. இலைக்கு ஐந்து மாதம் ஆனது. அதனால் இலையைப் பற்றி நிறையவும் மற்றதைச் சுருக்கியும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தப் பாணிக்குச் சீனத்தில் 'சியேயி' என்று பெயர். 'சியே' என்றால் எழுதுவது. மூங்கிலையும் அவர்கள் எழுதுவதாகவே சொல்வார்கள். பழந்தமிழிலும் ஓவியம் எழுதப்படுவதுதான்; கண்ணுக்கு மை எழுதுகிறோமே, அதே எழுதுதல். மூங்கில் வரைய எழுத்துக்கலையின் கோடுகள் கைவர வேண்டும் என்று யுவான் காலத்து ஓவியர் ஜாவோ மெங்ஃபு (1254–1322) தன் ஓவியச் சுருளிலேயே கவிதையாக எழுதிவைத்தார். ஆகவே சுவருக்குப் பெயின்ட் அடிப்பதுபோல முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஒரு இலைக்கு ஒரு கோடு, அவ்வளவுதான்.

பொருட்கள்

தாள்: அன்ஹுயி மாகாணத்தின் ஜிங் வட்டாரத்தில், சிங்தான் மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வதுதான் அசல் சுவான். இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2009-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. படிகாரம் போட்ட தாள் மையை உறிஞ்சாது, அது நுணுக்க ஓவியத்துக்கு. நமக்குத் தேவை படிகாரம் போடாத தாள். வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். முதல் இரண்டு மாதம் மஞ்சள் நிறத்தில் வரும் மலிவான மூங்கில் தாளே போதும். தாளுக்கு அடியில் பழைய கம்பளி கட்டாயம் விரியுங்கள். வெறும் மேசையில் வரைந்தால் மை அடியில் தேங்கிக் கறை வட்டமாகப் பரவும்.

பிரஷ்: ஆட்டு மயிரும், கீரியைப் போன்ற வீசல் என்ற விலங்கின் மயிரும் கலந்தது வாங்குங்கள். வெறும் ஆட்டு மயிர் தண்ணீரை அதிகம் குடிக்கும், புதியவர் கைக்கு அடங்காது.

மை: மைக்கட்டியைக் கல்லில் அரைப்பதுதான் எனக்குப் பிடித்தது. மை அரைக்கும்போது நோயாளியைப் போல, பிரஷ் பிடிக்கும்போது வீரனைப் போல என்று சீனத்தில் ஒரு வழக்கு உண்டு. அழுத்தாமல் நிதானமாக, கரைசலில் எண்ணெய் மினுமினுப்பு வரும்வரை அரைக்க வேண்டும். நேரமில்லாதவர்கள் 1865 முதல் இருக்கும் பெய்ஜிங்கின் யீதேகே போன்ற பாட்டில் மையை வாங்கலாம். ஷெல்லாக் (அரக்கு) கலந்த இந்தியன் இங்க் மட்டும் வேண்டாம், பிரஷ்ஷே பாழாகிவிடும்.

தண்டு, கணு

எழுந்து நின்று வரையுங்கள். அசைய வேண்டியது தோள், மணிக்கட்டு அல்ல. பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து, கீழிருந்து மேலாக அழுத்தி, இழுத்து, நிறுத்தி எடுங்கள். அடுத்த துண்டுக்கு முன் ஒரு நெல்மணி அகலம் இடைவெளி விடுங்கள். அடியில் குட்டையான துண்டுகள், நடுவில் நீளமானவை, உச்சியில் மறுபடி குட்டை. மை கொஞ்சம் வறண்டு நடுவில் வெள்ளைக் கீற்று விழுந்தால் விட்டுவிடுங்கள். தண்டு உருண்டு தெரிவதே அதனால்தான்.

கணுவைத் தண்டு பாதி காய்ந்த நிலையில் கெட்டி மையால் போடுங்கள். ஈரத்தில் போட்டால் கரைந்து ஓடும், முழுக்கக் காய்ந்தபின் போட்டால் ஒட்டவைத்ததுபோல் நிற்கும். கிளைகள் கணுவிலிருந்துதான் புறப்படும், இடம் வலம் என்று மாறி மாறி.

இலை

பிரஷ் முனையால் தாளைத் தொட்டு, அழுத்தி, நகர்த்திக்கொண்டே படிப்படியாகத் தூக்கினால் கூரான நுனியோடு இலை வரும். நான் அதைத்தான் செய்தேன். ஆனால் இலையின் வயிற்றில் ஒவ்வொரு முறையும் ஒரு வெளிறிய குளம் விரிந்தது, ஓரம் பஞ்சுபோல் பிசிறியது. மையைக் கெட்டியாக்கினேன், வேகத்தைக் கூட்டினேன், தாளையும் மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

காரணம் பிரஷ்ஷின் அடிமயிரில் இருந்தது. தட்டு விளிம்பில் முனையை மட்டும் துடைத்துவிட்டு, தண்ணீர் போய்விட்டது என்று நினைத்திருக்கிறேன். மயிரும் கைப்பிடியும் சேரும் இடத்தில் தண்ணீர் அப்படியே தங்கியிருக்கிறது. தண்டு இழுக்கும்போது பிரஷ் அதிகம் மடங்காததால் அது வெளியே வருவதில்லை. இலைக்கு அழுத்துகிற கணத்தில் மொத்தமும் இறங்கிவிடுகிறது.

இப்போது நான் செய்வது இது: பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, விளிம்பில் வழித்துவிடுவேன். நான்காக மடித்த பருத்தித் துணியில் அடிமயிரை மட்டும் படுக்கவைத்து இரண்டு எண்ணுவேன். துணியில் கட்டைவிரல் நகமளவு ஈர வட்டம் தெரிந்தால் சரி. அதற்கு மேல் விரிந்தால் பிரஷ்ஷைத் திருப்பி இன்னொரு முறை. பிறகு தண்ணீர் கலந்த இள மையில் பாதிவரை தோய்த்து, நுனியை மட்டும் கெட்டி மையில் தொட்டு, தட்டில் இரண்டு இழுப்பு இழுத்துக் கலந்துகொள்வேன். மூன்று இலைக்கு ஒருமுறை துணி. இதைக் கண்டுகொண்ட அன்றே, ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல இலை விழுந்தது.

அடுக்கும் முறை: மூன்று இலைகளைக் கீழ்நோக்கி விரித்தால் சீன எழுத்து '个' வடிவம் கிடைக்கும், அதை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். மழையென்றால் இலைகள் தொங்கும், காற்றென்றால் எல்லாம் ஒரே பக்கம் சாயும், தெளிந்த வானமென்றால் மேல்நோக்கும். இலையின் முன்பக்கத்துக்குக் கெட்டி மை, பின்பக்கத்துக்கு இள மை என்ற வழக்கம் சோங் காலத்து ஓவியர் வென் தொங்கிடமிருந்து (1018–1079) வந்ததாகச் சொல்கிறார்கள். அவருடைய மூங்கில் ஓவியம் தாய்பெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வளைந்து தொங்கும் அந்தக் கிளையை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டு மைகளும் பிரிந்து தெரியும். வரையும் முன் முழு மூங்கிலும் நெஞ்சில் இருக்க வேண்டும் என்று அவரைப் பற்றி எழுதியவர் அவர் நண்பர் சு ஷி. நடைமுறையில் இதன் பொருள், எந்த இலை எங்கே என்று முடிவெடுத்துவிட்டுத்தான் பிரஷ்ஷை நனைக்க வேண்டும் என்பது. யோசித்துக்கொண்டு நின்றால் தண்ணீர் முனைக்கு இறங்கிவிடும்.

பின்சேர்க்கை (கருத்துகளில் கேட்டவை)

"காய்ந்ததும் மை வெளிறிவிடுகிறது" என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். ஈரத்தில் எப்போதும் கறுப்பாகத்தான் தெரியும். ஓரத்துத் துண்டுத்தாளில் ஒரு கோடு போட்டுக் காயவிட்டுப் பார்த்து, ஒரு படி கெட்டியாகவே கலந்துகொள்ளுங்கள்.

தாள் சுருங்குவது தவறல்ல. பின்னால் இன்னொரு தாளைக் கோதுமைமாப் பசையால் ஒட்டினால் நிமிர்ந்துவிடும். ஒட்டும்போது மை கரைந்து ஓடியதாக ஒருவர் படம் அனுப்பியிருந்தார். சில மலிவான பாட்டில் மைகள் அப்படித்தான். ஒரு துண்டுத்தாளில் கோடு போட்டு, ஒருநாள் காயவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் தடவிப் பாருங்கள். கறுப்பு கசிந்தால் அந்த மையைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.