காதலில் அளவு மீறிய சார்பு: கண்டுபிடிப்பதும் மீள்வதும்

காதலில் ஒருவரையொருவர் சார்ந்திருப்பது இயல்பு. துணையின் மனநிலையைச் சீராக வைத்திருப்பதே உங்கள் முழுநேர வேலையாகி, தூக்கம், பணம், நட்பு எல்லாம் அதற்கே செலவாகும்போதுதான் அது கோடிபெண்டன்சி. குடிநோயாளிகளின் குடும்பங்களைக் கவனித்தவர்களிடமிருந்து வந்த கருத்து இது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டில் தனி நோயாக இது இல்லை. எனவே இணையத்து மதிப்பெண் சோதனைகளைப் பார்த்து உங்களுக்கு நீங்களே முத்திரை குத்திக்கொள்ளாதீர்கள்.

ஒரு வாரம் குறிப்பெடுத்தாலே போதும். துணைக்கு "சரி" சொன்ன ஒவ்வொரு முறையும் மூன்றை எழுதுங்கள்: என்ன கேட்டார், நீங்கள் விரும்பியது என்ன, மறுத்தால் என்ன நடக்கும் என்று பயந்தீர்கள். கேட்காமலே நீங்கள் செய்ததையும் சேருங்கள். அவருக்காக அலுவலகத்தில் பொய் சொன்னது, கடனை அடைத்தது, அவர் கோபத்துக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டது. மூன்றாவதில் "பேசாமல் இருந்துவிடுவார்", "விட்டுப் போய்விடுவார்" என்பதே திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் சம்மதங்களில் பல பயத்தில் பிறந்தவை.

அடுத்து, பதிலைத் தள்ளிப்போடப் பழகுங்கள். அவசரமில்லாத எதற்கும் "யோசித்து அரை மணி நேரத்தில் சொல்கிறேன்" என்பதே பதில். அது கைவந்த பிறகு சின்ன மறுப்புகள்: எந்தப் படம் பார்ப்பது, எத்தனை மணிக்குப் பேசுவது. பணத்திலோ குடும்பத் தகராறிலோ தொடங்கினால் முதல் நாளே பின்வாங்குவீர்கள்.

மறுத்ததும் குற்ற உணர்வு பொங்கும். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். உடனே மெசேஜ் அனுப்பிச் சமாதானம் செய்தால், "சமாதானம் செய்ததால்தான் தப்பித்தேன்" என்றே மனதில் பதிந்துவிடும். அடுத்த முறை பயம் இன்னும் பலமாக வரும். போனைத் தள்ளி வைத்துவிட்டு நடந்துவிட்டு வாருங்கள். நீங்கள் எதுவும் செய்யாமலே குற்ற உணர்வு தணிவதைப் பார்ப்பதுதான் பயிற்சி.

எல்லை வகுக்கும்போது வாக்கியத்தைக் கவனியுங்கள். "நீ கத்தக் கூடாது" என்பது கட்டளை. அதை நிறைவேற்றுவது அவர் கையில். "கத்தினால் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன், அமைதியானதும் பேசலாம்" என்பது உங்கள் கையில். செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். முதலில் அவர் அழுத்தம் கூட்டக்கூடும். நான்கு முறை உறுதியாக இருந்து ஐந்தாவதில் இறங்கிவந்தால், ஐந்து முறை வற்புறுத்தினால் காரியம் நடக்கும் என்று அவர் கற்றுக்கொள்கிறார்.

இன்னொரு தவறு, ஒரேயடியாக முகம் திருப்பிக்கொள்வது. அப்போதும் உங்கள் நாள் அவரைச் சுற்றியே ஓடுகிறது. விட்டுப்போன நண்பர் ஒருவரோடு வாரம் ஒரு முறை பேசுங்கள். துணை அழைத்தாலும் அதை ரத்து செய்யாதீர்கள்.

துணையிடமிருந்து தற்கொலை மிரட்டல் வந்தால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். அவசர உதவியை அழைத்து, அவர் வீட்டாருக்கும் தெரிவியுங்கள்.

அடி, மிரட்டல், கண்காணிப்பு இருந்தால் மேலே சொன்ன எதையும் அவரிடம் முயலாதீர்கள். தன் பிடி நழுவுகிறது என்று அவருக்குத் தெரியும் தருணத்தில் வன்முறை கூடக்கூடும். முதலில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி, ஆவணங்களையும் கொஞ்சம் பணத்தையும் வெளியே வைத்து, பாதுகாப்பாக வெளியேற வழி செய்யுங்கள். ஆலோசகரிடமும் தனியாகவே போங்கள்; ஜோடியாக உட்கார்ந்து சொன்ன உண்மைக்கு வீட்டில் விலை கொடுக்க நேரலாம்.