சந்தேகம் முற்றும் முன்பே தூக்கம் கெடும்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

மதுரையில் ராத்திரி ரெண்டு மணிக்கும் சூடாக இட்லி கிடைக்கும். அதில் நமக்குப் பெருமைதான். அதனாலோ என்னவோ, கண் விழித்துக் கிடப்பதை இங்கே யாரும் கோளாறாகவே நினைப்பதில்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ராத்திரி லோடு இறக்கும் பையன் ஒரு வாரமாகப் பகலிலும் தூங்கவில்லை என்றால், "ரெண்டு நாள் லீவு போட்டாச் சரியாயிரும்" என்போம். ஒருநாள் அவன் ஜன்னலைச் சாத்திவிட்டு, "எதுத்த கடையில என்னையப் பத்தித்தான் பேசுறாய்ங்க" என்பான். அப்போதுதான் வீடு பதறும். அப்போதும் பேச்செல்லாம் அந்தச் சந்தேகத்தைப் பற்றித்தான். தூங்கினாயா என்று கேட்க ஆளிருக்காது.

மனநோய் வந்ததால் தூக்கம் போச்சு, நோய் தீர்ந்தால் தூக்கம் தானாக வரும் என்று நினைப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. அது பாதி உண்மை. தூக்கம் கெடுவதே சந்தேகத்தையும் மாயக்குரலையும் கூட்டும் என்பது மறுபாதி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃப்ரீமன் குழு, பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 3,755 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் தூக்கத்துக்கான உளவியல் பயிற்சியை இணையம் வழியே கொடுத்தது. 2017இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்குத் தூக்கம் தேறியது. கூடவே பிறர்மீதான சந்தேகமும், இல்லாத குரல் கேட்பது போன்ற அனுபவங்களும் ஓரளவு குறைந்தன. குறைந்த அளவு சிறிதுதான். ஆனால் அந்தப் பயிற்சி சந்தேகத்துக்கானதே அல்ல, தூக்கத்துக்கானது.

கவலை விஷயத்திலும் இதே கதைதான். "மனசப் போட்டு அலட்டிக்காத" என்று சொல்லி யாருக்கும் கவலை நின்றதில்லை. "அவங்க ஏதாச்சும் செஞ்சுட்டா? வேலை போயிட்டா?" என்று படுக்கையில் திரும்பத் திரும்ப ஓட்டும்போது, பயம் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை, தூக்கமும் வருவதில்லை. அதே குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், தன்னை யாரோ கெடுக்கப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை விடாதிருந்த 150 பேரில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான சிகிச்சையோடு கவலையைக் குறைக்க மட்டும் ஆறு அமர்வுகள் கொடுத்தார்கள். கவலையும் குறைந்தது, அந்த நம்பிக்கையின் பிடியும் தளர்ந்தது.

இதில் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. சாயங்காலம் ஆறு மணி போல அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கி, ஒரு நோட்டில் எழுதிவிடுவது. ராத்திரி கவலை தலைதூக்கினால், "உனக்கு நாளைக்கு ஆறு மணி" என்று தள்ளிப்போடுவது. சிரிப்பாகத்தான் இருக்கும், பழகினால் கைகொடுக்கும்.

"யாருமே பேசலடா, நீயா கற்பனை பண்ற" என்று மல்லுக்கு நிற்பதும் தவறு, ஆமாம் சாமி போடுவதும் தவறு. "பயமா இருக்காப்பா? ராத்திரி கண்ண மூடுனியா?" என்று கேட்டால் பேச்சு தொடரும்.

மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் என்ற பதற்றத்துக்கான மாத்திரையைத் தூக்கத்துக்கென்று வாங்கிப் போடாதீர்கள். பழகிவிடும், திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். சாராயம் ஆளைச் சாய்க்குமே தவிர, பின்னிரவில் எழுப்பிவிடும். டாக்டர் கொடுத்த மாத்திரை காலையில் மந்தமாக்குகிறது என்று தாங்களாகவே நிறுத்துவதுதான் நோய் திரும்ப வர முக்கியமான வழி. மாத்திரை போடும் நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டாலே பல நேரம் வழி பிறக்கும்.

தூங்காதவரைப் பகலெல்லாம் படுக்கச் சொல்வதும் பாசத்தில் செய்யும் தப்பு. எழும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும், காலை வெயில் மேலே படட்டும். ஆனால் ஒருவர் மூன்று மணி நேரமே தூங்கி, களைப்பே இல்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கையில் இருப்பதையெல்லாம் செலவழித்தால் அது வெறும் தூக்கமின்மை அல்ல. பித்துநிலையின் தொடக்கமாக இருக்கலாம். உடனே டாக்டர்.

பிள்ளை பெற்றவளுக்கும் அப்படியே. பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல், முதல் இரண்டு வாரத்தில் சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், பிள்ளையைப் பார்த்தே பயப்படுகிறாள் என்றால், "பச்சை உடம்பு, காத்து கருப்பு அண்டிருச்சு" என்று வேப்பிலையோடு உட்காராதீர்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வரும் அவசர நோய் அது. தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. விழிப்பு வந்தும் கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தோன்றுகிறதே, அமுக்குவான் என்று நம் ஆட்கள் சொல்வது, அது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. கனவுத் தூக்கத்தில் உடம்பு தளர்ந்திருக்கும்போதே மூளை விழித்துக்கொள்வதுதான். ஒழுங்காகத் தூங்காதவர்களுக்கு அடிக்கடி வரும்.

பாண்டி கோவிலுக்கோ கோரிப்பாளையம் தர்காவுக்கோ போவதைத் தடுக்க நான் யார்? போங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், நோயாளியை விடியவிடிய விழிக்க வைக்காதீர்கள். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது எப்போது படுத்தார், எப்போது எழுந்தார், கடைசி டீ எத்தனை மணிக்கு, எந்த ராத்திரிக்குப் பிறகு குரல் அதிகமானது என்று இரண்டு வாரக் குறிப்பு கையில் இருக்கட்டும். அவசரமென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நினைவிருப்பதைச் சொன்னால் போதும்.