கைக்குழந்தையோடு பட்டப்படிப்பு: சுங்கை சிப்புட்டிலிருந்து தொடங்கும் வழி

மலேசியாவில் எஸ்.பி.எம்.மோடு (ஐந்தாம் படிவத் தேர்வோடு) படிப்பு நின்று, கல்யாணம், குழந்தை என்று ஆகிவிட்டாலும் மறுபடி ஆறாம் படிவத்தில் போய் உட்கார வேண்டியதில்லை. வேலை அனுபவத்தையே நுழைவுத் தகுதியாக ஏற்கும் 'அப்பெல்' முறை இருக்கிறது. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 20 வயது, இளங்கலைக்கு 21. திறனறித் தேர்வு எழுதி, அனுபவக் கோப்பும் கொடுக்க வேண்டும்.

கோப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'எங்களிடம் வேலை செய்தார்' என்ற ஒரு வரிக் கடிதம் போதாது. எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, என்னென்ன பொறுப்பு என்று எழுதி முத்திரை வாங்குங்கள். பாலர் பள்ளி உதவியாளர் குழந்தைக் கல்வி படிக்கப் போகிறார் என்றால் சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கை, பயிற்சிச் சான்றிதழ்களோடு, கையால் செய்த எழுத்து அட்டைகளின் படத்தையும் வைக்கலாம். படத்தின் கீழே அதை வைத்து எதைக் கற்பித்தார், பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று இரண்டு வரி எழுத வேண்டும். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் அது வெறும் படம்.

பணம் கட்டுமுன், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தேடுங்கள். முழுநேரப் படிப்புக்கு அங்கீகாரம் இருப்பதால் தொலைநிலைக்கும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கட்டணத்துக்கு இ.பி.எஃப். சேமிப்பின் ஒரு பகுதியான செஜாத்ரா கணக்கிலிருந்து, கணவருடையதிலிருந்தும்கூட, கல்விக்காக எடுக்கலாம்.

அடுத்தது நேரம். பாடத்தின் அளவைக் கிரெடிட்டில் கணக்கிடுவார்கள்; ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு. 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. 15 வாரத்தில் முடிக்க வாரம் 8 மணி. கைக்குழந்தை இருக்கையில் தவணைக்கு (செமஸ்டருக்கு) இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். 120 கிரெடிட் பட்டத்துக்கு, ஆண்டுக்கு மூன்று தவணை என்றாலும் ஏறக்குறைய 7 ஆண்டாகும். இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிள்ளை பாலர் பள்ளிக்குப் போனதும் தவணைக்கு மூன்று பாடமாக்கிக்கொள்ளலாம்.

'குழந்தை தூங்கும்போது படிக்கலாம்' என்ற திட்டம் நிலைக்காது. அது துணி துவைக்கும் நேரம், தாயும் கண்ணயரும் நேரம். இரண்டு பாடத்துக்கு வாரம் ஆகும் 16 மணியில் ஆறு மணியை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி, அன்று குழந்தையை யார் பார்ப்பது என்று பெயர் குறித்து வையுங்கள். தாஸ்காவில் (குழந்தைகள் காப்பகத்தில்) விடுவதானால் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும்.

பாட நூல்களைக் கைப்பேசியில் இறக்கி வையுங்கள். மழை பிடித்தால் தோட்டத்துப் பக்கம் இணைய லைன் போய்விடும். எழுத்துப் பணியைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே முடியுங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஒரு வாரம்தான் கைகொடுக்கும். தேர்வு ஈப்போ நகரத்தில் என்றால், பாலூட்டும் தாயானால் மண்டபத்துக்குள் போகுமுன் கடைசியாகப் பால் கொடுத்துவிடுங்கள். மார்பு கட்டிக்கொண்டால் பேனா பிடிக்க முடியாது.